இரவு முழுவதும் சார்ஜில் கிடக்கும் கைப்பேசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகளில், “தூங்கப் போகும்போது கைப்பேசியைச் சார்ஜில் போடாதீர்கள்” என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். காரணம் சொல்லாமல் விட்ட அந்த வரி பலரைக் குழப்பிவிட்டது என்பதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் காட்டுகின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் இரவில் சார்ஜ் போடுவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள். அவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பகல் முழுவதும் வாடிக்கையாளர்கள் அழைத்துக்கொண்டே இருப்பதால், இரவு 10 மணிக்குச் சார்ஜ் போட்டுக் காலை 6 மணிக்குத்தான் கழற்றுகிறேன். பழுது பார்க்கும் கடையில், “ராத்திரி பூரா போட்டா கரன்ட் ஏறிக்கிட்டே இருக்கும்மா, ஒரு நாள் வெடிச்சிடும்” என்றார்கள். என் மகனோ, “அதெல்லாம் தானா நின்னுடும்” என்கிறான். யார் சொல்வது சரி? (வாசகி, பாலக்கோடு)

பதில்: உங்கள் மகன் சொல்வதே சரி. கைப்பேசிக்குள் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகை பேட்டரிக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு கண்டிப்பு உண்டு: குறிப்பிட்ட வோல்ட் அளவுக்கு மேல் அதில் மின்சாரம் ஏற்றக் கூடாது. பழைய லித்தியம் அயனி பேட்டரிகளுக்கு அந்த எல்லை 4.2 வோல்ட், இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் அது 4.4 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. எல்லை மீறினால் ஆபத்து என்பதை அறிந்தே, அதை மீறவிடாமல் தடுக்கும் மின்சுற்று ஒன்றைக் கைப்பேசியின் உட்பலகையிலும், இன்னொன்றைப் பேட்டரியின் தலைப்பகுதியிலும் தனித்தனியாக வைக்கிறார்கள். நாம் சுவரில் செருகும் சார்ஜர், 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட், 9 வோல்ட் போன்ற குறைந்த அளவுக்கு மாற்றித் தருவதோடு சரி. எவ்வளவு எடுத்துக்கொள்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிப்பது கைப்பேசியே.

களத்தில் கேழ்வரகை மூட்டை பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். முக்கால் மூட்டை வரை முறத்தால் அள்ளி அள்ளிக் கொட்டுவார்கள். வாய்ப்பகுதி நெருங்கியதும் மூட்டையைக் குலுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். பேட்டரியும் அப்படித்தான் நிரம்புகிறது. முதலில் ஒரே சீரான பெரிய மின்னோட்டம் பாய்கிறது. வோல்ட் எல்லையைத் தொட்டதும், கைப்பேசி அதே வோல்ட்டில் நிறுத்தி வைத்து, மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறது. அது மிகச் சிறிய அளவுக்கு இறங்கியதும் ஏற்றுவது நின்றுவிடுகிறது. கடைசி 20 சதவீதம் ஏற வெகுநேரம் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. அதன் பிறகு பிளக் செருகியே இருந்தாலும், கைப்பேசி தன் தேவைக்கான சிறிதளவு மின்சாரத்தைச் சார்ஜரிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். பேட்டரி சும்மா இருக்கும். அதன் அளவு சற்றே இறங்கினால் மட்டும் மீண்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். ஆகவே நள்ளிரவு 2 மணிக்கு உங்கள் கைப்பேசிக்குள் கரன்ட் “ஏறிக்கொண்டே” இருப்பதில்லை.

ஆனாலும் இத்துடன் பதில் முடிந்துவிடவில்லை. உங்கள் சார்ஜர் 10 வாட் வகை, பேட்டரியின் கொள்ளளவு 5,000 மில்லி ஆம்பியர் மணி (mAh) என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய காலியாக இருந்த பேட்டரி நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும். இரவு 1 மணிக்கு நிரம்பிய பேட்டரி காலை 6 மணி வரை, அதாவது ஐந்து மணி நேரம், முழு நிறைவிலேயே கிடக்கிறது. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,800 மணி நேரத்துக்கு மேல், அதாவது சுமார் 75 முழு நாள்கள். லித்தியம் அயனி பேட்டரிக்கு முழு நிறைவு என்பது இறுக்கமான நிலை. சார்ஜ் ஏறும்போது, கோபால்ட் ஆக்சைடு உள்ள நேர்மின் பக்கத்திலிருந்து லித்தியம் வெளியேறி, மறுபக்கத்தில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அடைகிறது. லித்தியத்தில் கணிசமான பங்கை இழந்து நிற்கும் நேர்மின் பக்கம் அந்த உயர்ந்த வோல்ட்டில் நடுவே உள்ள திரவத்தைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. கிராஃபைட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஏடு தடித்துக்கொண்டே போய், மீண்டு வராதபடி லித்தியத்தை விழுங்குகிறது. இவை எல்லாக் கைப்பேசிகளிலும் எப்போதும் நடப்பவைதாம். நிறைவில் கிடக்கும்போது வேகம் கூடுகிறது, சூடும் சேர்ந்தால் இன்னும் கூடுகிறது.

எவ்வளவு கூடுகிறது என்பதற்கு, பேட்டரிகளைப் பற்றிப் பாடங்கள் தொகுத்து வெளியிடும் கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தின் அட்டவணை ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. லித்தியம் அயனி பேட்டரியை 25 டிகிரி செல்சியஸில், 40 சதவீதச் சார்ஜுடன் ஓர் ஆண்டு வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சுகிறது. முழுச் சார்ஜுடன் வைத்திருந்தால் 80 சதவீதம். அதையே 40 டிகிரியில் வைத்தால் முறையே 85, 65 சதவீதங்கள். இவை ஆண்டு முழுவதும் அசையாமல் வைக்கப்பட்ட பேட்டரிக்குரிய எண்கள் என்பதால் அன்றாடம் பயன்படும் உங்கள் கைப்பேசிக்கு அப்படியே பொருந்தா. ஆனால் அவை காட்டும் திசை பொருந்தும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். மாலையில் சமையல் செய்யும் இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் போட்டு, படுக்கப் போகும்போது கழற்றிவிட முடிந்தால் அதைச் செய்யுங்கள். முடியாவிட்டால் இப்போது செய்வதையே அச்சமின்றித் தொடருங்கள். பேட்டரி சில மாதங்கள் முன்னதாகத் தளரக்கூடும், அவ்வளவே.

கேள்வி: எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு சார்ஜ் போட்டால் கைப்பேசி தொட முடியாத அளவு சுடுகிறது. சில நாள்களில் காலையில் பார்த்தால் 80 சதவீதம்கூட ஏறியிருப்பதில்லை. மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. சார்ஜரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. என்ன கோளாறு? (வாசகர், காவேரிப்பட்டினம்)

பதில்: உங்கள் கடிதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் பட்டது. பேட்டரியைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அறையின் வெப்பம் 22, 23 டிகிரி என்று வைத்துக்கொண்டு, இரவில் சார்ஜ் போடலாமா கூடாதா என்று விவாதிப்பவை. நம் ஊரில் கேள்வியே வேறு. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த ஷீட், இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். கைப்பேசியைச் சார்ஜ் போடும் நேரமும் அதுவே. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடங்களில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு வரம்பு சொல்கிறது. உங்கள் அறை கோடையில் அந்த வரம்பைத் தாண்டிய நிலையில்தான் சார்ஜே தொடங்குகிறது. அதன் மேல், மின்சாரம் ஏறுவதால் உண்டாகும் சூடு சேர்கிறது. ரப்பர் கவர் அதைப் போர்வை போல மூடிக்கொள்கிறது. கீழே பஞ்சு மெத்தையோ பாயின் மேல் விரித்த போர்வையோ இருந்தால் அடிப்பக்கமும் அடைபட்டுவிடுகிறது.

ஆக, கோளாறு சார்ஜரில் இல்லை. கைப்பேசிக்குள் சூட்டை அளக்கும் உணரி இருக்கிறது. அளவு மீறினால் ஏற்றும் வேகத்தைக் குறைக்கவும், தேவைப்பட்டால் அறவே நிறுத்திவைக்கவும் அதற்குக் கட்டளை தரப்பட்டிருக்கிறது. 80 சதவீதத்தோடு நின்றுபோனது பேட்டரியைக் காப்பாற்றும் பொருட்டு நடந்தது. அதைப் பழுது என்று எண்ணி, கூடுதல் வாட் உள்ள சார்ஜர் வாங்கிச் செருகினால் சூடு அதிகமாகுமே தவிர, பயன் இருக்காது.

வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லும் பொதுவிதி ஒன்று உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் தோராயமாக இரட்டிக்கும். மாங்காயைக் காற்றோட்டமான திண்ணையில் பரப்பி வைத்தால் எத்தனை நாளில் பழுக்கும், வைக்கோலுக்குள் புதைத்து மூடிய அறையில் வைத்தால் எத்தனை நாளில் பழுக்கும் என்பதைக் காவேரிப்பட்டினத்துக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பேட்டரிக்குள் நிகழும் சிதைவும் வேதிவினைதான். ஓசூர் மேட்டுநிலத்தில், கோடையிலும் இரவில் குளிர்ந்துவிடும் வீட்டில் வாழும் ஒருவரின் கைப்பேசியும், உங்கள் கைப்பேசியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவையாக இருந்தாலும், ஒரே வேகத்தில் முதுமை அடையப் போவதில்லை.

கோடை முடியும் வரை இப்படிச் செய்து பாருங்கள். முதலில், சார்ஜ் போடும் நேரத்தை மாற்றுங்கள். ஷீட் வீட்டில் மிகக் குளிர்ந்த நேரம் விடியற்காலை. 4 மணிக்கோ 5 மணிக்கோ எழும் வழக்கம் உள்ளவர் என்றால் எழுந்ததும் பிளக்கைச் செருகி, கொல்லைக்குக் கிளம்பும் முன் கழற்றிவிடலாம். அது முடியாதென்றால் கவரைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைக் கல்லின் மேல் வையுங்கள். சமையல் மேடையில் பதித்த கடப்பைக் கல்லோ, நம் மாவட்டத்துக் குவாரிகளில் அறுக்கும் கிரானைட் துண்டோ, சாதாரண சிமெண்ட் தரையோ எதுவானாலும் சரி. கல் சூட்டை உறிஞ்சிப் பரப்பிவிடும் வேலையை எந்தத் துணியும் செய்யாது. தண்ணீர் சிந்தும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது. மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் இன்னும் நல்லது. வேகமான சார்ஜர் வைத்திருப்பவர்கள், அவசரமில்லாத இரவு நேரத்தில் பழைய 10 வாட் சார்ஜரைப் பயன்படுத்தினால் சூடு குறைவதைக் கையால் தொட்டே உணரலாம். சார்ஜ் ஏறும்போது வீடியோ பார்ப்பதையும் விளையாடுவதையும் கோடையில் விட்டுவிடுங்கள்; ஏற்றுவதால் வரும் சூடும், இயங்குவதால் வரும் சூடும் ஒரே நேரத்தில் சேர்வது அப்போதுதான்.

சிலர் கைப்பேசியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் குளிரவைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதைச் செய்யவே வேண்டாம். வெளியே எடுத்ததும் காற்றில் உள்ள ஈரம் கைப்பேசியின் உள்ளேயும் வெளியேயும் நீர்த்துளிகளாகப் படியும்.

கேள்வி: புதிதாக வாங்கிய கைப்பேசியில் “80 சதவீதத்துடன் நிறுத்து” என்ற அமைப்பு இருக்கிறது. விடுதியில் எல்லோரும், “காசு கொடுத்து வாங்குன பேட்டரியில அஞ்சுல ஒரு பங்க ஏன்டா வீணாக்குற?” என்கிறார்கள். அந்த அமைப்பை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா? (கல்லூரி மாணவர், தருமபுரி)

பதில்: வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, 80 சதவீதம் உங்கள் ஒரு நாளுக்குப் போதும் என்றால். மேலே பாலக்கோட்டு வாசகிக்குச் சொன்ன அந்த இறுக்கமான நிலைக்குப் பேட்டரியைக் கொண்டுபோகாமல் இருப்பதே இந்த அமைப்பின் நோக்கம். ஐபோன்களை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 2019-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பு வேறொரு வழியைக் கையாண்டது: உரிமையாளர் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு, 80 சதவீதத்தில் காத்திருந்து, எழுவதற்குச் சற்று முன்பு மீதியை நிரப்பும். 2023-இல் வந்த ஐபோன் 15 முதல், 80 சதவீதத்தோடு நிறுத்தியே விடும் வசதியும் சேர்ந்தது. சாம்சங், கூகுள் பிக்சல் முதலிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் வெவ்வேறு பெயர்களில் இதே பாதுகாப்பு இருக்கிறது. அமைப்புகளுக்குள் பேட்டரி என்ற பகுதியில் தேடினால் கிடைக்கும்.

நண்பர்கள் வீண் என்று சொல்லும் அந்த ஐந்தில் ஒரு பங்கு, பேட்டரிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. வெளியூர்ப் பயணத்துக்கோ தேர்வு நாளுக்கோ தேவைப்பட்டால் முந்தைய இரவு அமைப்பை நீக்கிவிட்டு முழுவதும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு முழுச் சுற்று என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளக்கைச் செருகிய ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்றாகாது. இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 வகைகள் 1,000 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும், உகந்த சூழலில் தம் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் கூறுகிறது. நான்கு ஆண்டுப் படிப்பு முடியும் வரை அதே கைப்பேசி வேண்டும் என்று நினைக்கும் மாணவருக்கு இந்த அமைப்பு மெய்யாகவே உதவும். பேட்டரி ஏற்கெனவே தளர்ந்து, மாலைக்குள் அணைந்துபோகும் பழைய கைப்பேசி என்றால் இதனால் தொல்லைதான் மிஞ்சும். இடையில் ஒரு நாள் சொல்லாமல் 100 சதவீதம் ஏறியிருந்தாலும் கலங்க வேண்டாம். சில கைப்பேசிகள் தம் சதவீதக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள எப்போதாவது முழுவதும் ஏற்றிக்கொள்கின்றன.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வாரம் ஒரு ஷிப்ட். தங்கும் அறையில் ஆறு பேருக்கு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இரவு வேலை முடிந்து வந்து, சார்ஜ் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன். பேருந்து நிலையத்தில் வாங்கிய சார்ஜர். ஒரு மாதமாகக் கைப்பேசியின் பின்மூடி ஒரு பக்கம் சற்றே தூக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் உட்கார்ந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது. (வாசகி, ஓசூர்)

பதில்: அம்மா, மூடியை இனி ஒரு முறைகூட அழுத்தாதீர்கள். இந்த இதழ் கைக்கு வந்ததும் அந்தக் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். மறுபடி சார்ஜ் போடாதீர்கள். மூடி தூக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, பேட்டரியின் மெல்லிய உறையைப் புடைக்கச் செய்கிறது. உறைக்குள் நேர்மின், எதிர்மின் அடுக்குகளைத் தாளைவிட மெலிந்த ஒரு தடுப்புத்தான் பிரிக்கிறது. அழுத்தும்போதோ, கத்தி முனையால் நெம்பும்போதோ அது கிழிந்தால் இரு பக்கங்களும் தொட்டுக்கொண்டு தீப்பிடிக்கக்கூடும். உள்ளே நிகழும் ஒரு சிறு தொடுகை எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதை 2016-இல் உலகம் பார்த்தது. சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகளைத் திரும்பப் பெற்று, உற்பத்தியையே நிறுத்தியது. பேட்டரிகளின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகள் உள்ளே மின்கசிவை உண்டாக்கின என்று 2017 ஜனவரியில் அந்நிறுவனமே ஆய்வு முடிவை அறிவித்தது. இரவில் சார்ஜ் போட்டது அங்கே குற்றவாளி அல்ல, பழுதுபட்ட பேட்டரிதான்.

என் வீட்டு அலமாரியிலும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கைப்பேசி ஒன்று இப்படி உப்பி, திரையையே பெயர்த்துவிட்டிருந்ததை ஒரு பொங்கல் சுத்தத்தின்போதுதான் கண்டேன். குழந்தைகள் விளையாடும் உயரத்தில் அது அத்தனை மாதம் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் உடல் பதறுகிறது. ஆகவே உங்கள் கைப்பேசியைத் துணி, காகிதம், சமையல் எரிவாயு ஆகியவற்றிலிருந்து விலக்கி, மண்சட்டி போன்ற தீப்பிடிக்காத ஒன்றில் வைத்து, வெயில் படாமல் எடுத்துச் சென்று, அந்தக் கைப்பேசி நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுங்கள். குப்பையில் போடக் கூடாது. பயன்படுத்தி முடிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கு 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் விதித்திருக்கின்றன.

அடுத்தது தலையணை. நல்ல கைப்பேசியாக இருந்தாலும் தலையணைக்கு அடியில் சார்ஜ் போடக் கூடாது. காவேரிப்பட்டினத்து வாசகருக்குச் சொன்ன சூடு அனைத்தும் அங்கே வெளியேற வழியின்றி அடைபடும். ஏதேனும் தவறினால் பற்றிக்கொள்ளப் பஞ்சும், பக்கத்தில் தூங்கும் ஓர் உயிரும் இருக்கும். அலாரத்துக்காகப் பக்கத்தில் வேண்டும் என்றால் கட்டிலுக்கு ஓரமாகத் தரையில் வையுங்கள்.

சார்ஜர் பற்றி. பேருந்து நிலையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெயரற்ற சார்ஜர்களில் எனக்குள்ள அச்சம், பேட்டரி கெடுவதைப் பற்றியது அல்ல. 230 வோல்ட் உள்ள பக்கத்தையும், நம் கை தொடும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு அவற்றில் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப இடமில்லை. அந்தக் காப்பு உடைந்தால், கேபிளும் கைப்பேசியும் காதில் மாட்டிய இயர்போனும் வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்துவிடும். நம் நாட்டில் விற்கப்படும் சார்ஜர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். சார்ஜரின் மேல் அதன் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். போலியாகவும் அச்சிடுகிறார்கள் என்பதால், அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணை இட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு சார்ஜர்கள் செருகுவது மின்சுமையாகப் பெரிதன்று. அதே பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியோ, தண்ணீர் காயவைக்கும் கெட்டிலோ சேர்ந்தால்தான் ஒயர் சூடேறும். பிளக் தளர்ந்து ஆடுகிற பாக்ஸ் என்றால் மாற்றிவிடுங்கள்.

தீப்பிடித்தேவிட்டால் முதலில் சுவர் ஸ்விட்சையோ மெயின் ஸ்விட்சையோ அணைக்க வேண்டும். அறையில் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். மின்சாரம் நின்ற பிறகு, தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிர்விக்கலாம். புகையை மட்டும் சுவாசிக்காதீர்கள்.

இன்னொன்று: உங்களைப் போல் வாரந்தோறும் ஷிப்ட் மாறுகிறவர்களின் தூக்க நேரத்தைக் கைப்பேசியால் கற்றுக்கொள்ள முடியாது. எனவே புதிய கைப்பேசி வாங்கினால், நேரம் பார்த்து ஏற்றும் அமைப்பைவிட 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: புதுக் கைப்பேசியை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், பிறகு ஒவ்வொரு முறையும் பூஜ்யம் வரை தீர்த்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். பேரன் சிரிக்கிறான். (ஓய்வுபெற்ற ஆசிரியர், பென்னாகரம்)

பதில்: ஐயா, லித்தியம் அயனிக்கு முன் வழக்கத்தில் இருந்த பழைய வகை பேட்டரிகளுக்கு அது சரியான பாடம். நிக்கல் காட்மியம் பேட்டரிகளைப் பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால், அந்தப் பாதியையே முழு அளவாக “நினைவில்” வைத்துக்கொண்டு சோர்ந்துவிடும் இயல்பு அவற்றுக்கு இருந்தது. லித்தியம் அயனி பேட்டரிக்கு அந்தக் குறை இல்லை. அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவதுதான் அதற்குக் கெடுதல். 20, 30 சதவீதத்தில் போட்டுவிடுங்கள். இந்த பேட்டரியை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. பேரனிடம் இதையும் சொல்லுங்கள். நம் போச்சம்பள்ளிப் பகுதியிலேயே இன்று மின்ஸ்கூட்டர்களுக்கான லித்தியம் செல்கள் தயாராகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வி: இரவு முழுவதும் பிளக்கில் இருந்தால் மின்கட்டணம் ஏறுமா? (வாசகி, அரூர்)

பதில்: ஏறாது என்றே சொல்லிவிடலாம். 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை ஒரு முறை நிரப்ப, வீணாகும் சூட்டையும் சேர்த்துச் சுமார் 25 வாட் மணி செலவாகும். அதாவது ஏறத்தாழ நாற்பது முறை நிரப்பினால் ஒரு யூனிட் (1,000 வாட் மணி). நிரம்பிய பிறகு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அதில் ஒரு சிறு பின்னம்.

கேள்வி: காட்டோரம் கொல்லை. ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் யானை வந்தால் ஒருவருக்கொருவர் கைப்பேசியில்தான் சொல்லிக்கொள்கிறோம். இரவில் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது. விடியும் வரை கைப்பேசி நிறைந்திருக்க வேண்டும். சார்ஜிலேயே விட்டு வைப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. இதனால் கெட்டுப்போகுமா? கரன்ட் போய் வரும்போது பாதிக்குமா? (விவசாயி, தேன்கனிக்கோட்டை)

பதில்: சார்ஜிலேயே விடுங்கள், 100 சதவீதமே வைத்துக்கொள்ளுங்கள். மேலே மற்றவர்களுக்கு நான் சொன்ன 80 சதவீதக் கணக்கு உங்களுக்கு வேண்டாம். பேட்டரியைச் சில மாதங்கள் கூடுதலாக வாழவைக்க நினைத்து, நள்ளிரவில் ஓர் அழைப்பு வராமல் போகும்படி செய்வது தவறு. தேய்ந்த பேட்டரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நேரம் பார்த்து ஏற்றும் அமைப்பும் உங்கள் கைப்பேசியில் இருந்தால் அந்த மாதங்களில் அணைத்து வையுங்கள். அது 80 சதவீதத்தில் காத்திருக்கும் வேளையில் கரன்ட் போய்விட்டால் மீதி கிடைக்காது.

மின்சாரம் போய் வருவதைப் பொறுத்தவரை, முறையான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை; அந்த விவரம் சார்ஜரின் மேலேயே அச்சாகியிருக்கும். எனவே வோல்டேஜ் குறைவதால் கைப்பேசிக்குக் கெடுதல் இல்லை. திரும்ப வரும்போது ஒரு நொடி எகிறும் வோல்டேஜும் இடியும்தான் சார்ஜரைக் கெடுக்கும். வானம் இருண்டு மின்னத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. அந்த நேரத்துக்கென்று ஒரு பவர் பேங்க் வைத்துக்கொண்டால் கரன்ட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை. பரணில் காவல் இருப்பவர்கள் அதைச் சட்டைப் பையிலோ போர்வைக்குள்ளோ வைக்காமல், காற்றுப் படும் இடத்தில் பலகை மேல் வைத்துச் சார்ஜ் போட வேண்டும். யானை வரும் காலம் முடிந்து ராகி வீட்டுக்கு வந்த பிறகு அந்த பவர் பேங்கை முழுதாக நிரப்பி மூலையில் போட்டுவிடாதீர்கள். பாதி அளவு சார்ஜுடன், வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மீண்டும் பாதி வரை ஏற்றிவையுங்கள்.